லேடாங் மலை ஏறிய வாலஸ்

ஆயர் குரோ டோல் சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஜொகூர் நோக்கிப் போகிறவர்கள் தங்காக்கை நெருங்கும்போது இடப்பக்கம் தனியாக நிற்கும் ஒரு மலையைப் பார்த்திருப்பார்கள். ஜாசின், ஆசாகான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது நன்கு பழகிய மலை. நாம் அதைக் குனோங் லேடாங் என்கிறோம். சுல்தான் மாமுட்டிடம் தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் ஏழு தட்டு கொசு இதயமும் கேட்ட இளவரசியின் மலை அது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஐரோப்பியர் அதற்கு வைத்த பெயர் ஓபிர் மலை.

1854ஆம் ஆண்டு, மலாக்காவிலிருந்து புறப்பட்டு இந்த மலையின் உச்சிவரை ஏறினார் 31 வயது ஆங்கிலேயர் ஒருவர். அவரிடம் பட்டம் இல்லை, அரசாங்கப் பதவி இல்லை, கையில் பெரிய பணமும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய ஒரு கட்டுரை சார்ல்ஸ் டார்வினைத் திடுக்கிட வைத்தது. அவர் பெயர் ஆல்பிரட் ரசல் வாலஸ். டார்வினை அறியாத மாணவர் நம்மிடையே இருக்க மாட்டார். வாலஸை அறிந்தவர்கள் குறைவு. நம் வீட்டு வாசலிலிருந்து தெரியும் மலையில் ஏறியவர் அவர் என்பதை அறிந்தவர்கள் இன்னும் குறைவு.

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். தந்தை சட்டம் படித்தவர். ஆனால் அத்தொழிலைச் செய்யவில்லை. கையிலிருந்த பணத்தைத் தவறான முயற்சிகளில் போட்டு இழந்தார். குடும்பம் வாடகை குறைவான வீடு தேடி ஊர் ஊராக மாறியது. ஹெர்ட்போர்டு பள்ளியில் கடைசி ஆண்டில் வாலஸால் கட்டணம் செலுத்த முடியவில்லை. அதற்கு ஈடாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பாதி மாணவன், பாதி ஆசிரியன் என்ற அந்த நிலை அவருக்குக் கடும் கூச்சத்தைத் தந்தது. முதுமையில் எழுதிய சுயசரிதையிலும் அந்தக் கூச்சத்தை அவர் மறக்கவில்லை. ஏறக்குறைய 14 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது.

பிறகு அண்ணன் வில்லியமிடம் நில அளவை வேலை கற்றார். வேல்ஸ் குன்றுகளில் சங்கிலி பிடித்து நடந்த அந்த ஆண்டுகள்தாம் அவருடைய கல்லூரி. உயரம் அளப்பது, வரைபடம் போடுவது, செடிகளை அடையாளம் காண்பது எல்லாம் அங்கே கற்றவை. 1844இல் லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். பேட்ஸுக்கு வண்டு சேகரிக்கும் பைத்தியம். அது வாலஸையும் பிடித்துக்கொண்டது. 1848இல் இருவரும் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் போனார்கள். பறவைகளையும் பூச்சிகளையும் பிடித்துப் பதப்படுத்தி லண்டனிலுள்ள முகவருக்கு அனுப்புவது, அவர் அவற்றை விற்றுப் பணம் அனுப்புவது என்பதுதான் ஏற்பாடு.

அமேசான் அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 1852இல் வாலஸ் நாடு திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. ஆகஸ்டு 6ஆம் தேதி, தம்முடைய சேகரிப்புகளில் பெரும்பகுதியும் பல ஆண்டுக் குறிப்புகளும் எரிவதைப் படகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டியில் சில ஓவியங்களும் குறிப்புகளும் மட்டும் மிஞ்சின. பத்து நாள் படகில் தத்தளித்த பிறகு வேறொரு கப்பல் காப்பாற்றியது. லண்டன் முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு 200 பவுனுக்குக் காப்புறுதி எடுத்து வைத்திருந்ததால் சோற்றுக்குப் பஞ்சம் வரவில்லை.

இனிக் கடலை நம்புவதே இல்லை என்று அந்த நாட்களில் சபதம் செய்துகொண்டார் வாலஸ். சபதம் நிலைக்கவில்லை. இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1854 ஏப்ரலில், சிங்கப்பூர் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அரச புவியியல் சங்கம் பயணச் சீட்டுக்கு உதவியிருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் மலாக்கா வந்தார். அப்போது மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. பழைய வணிகப் பெருமை சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய்விட்டிருந்தது. ஒன்றை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நம் கண்ணுக்குத் தெரியும் செம்பனையோ ரப்பரோ அன்று மலாக்காவில் இல்லை. புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் முதல் ரப்பர்த் தோட்டம் போட்டது 1896இல்தான். அதன் பிறகு லேடாங் மலையடிவாரத்திலுள்ள புக்கிட் ஆசாகானிலும் அவர் ரப்பர் போட்டார். நம் முன்னோர் பலர் பால் வெட்டிய நிலமெல்லாம் வாலஸ் வந்தபோது காடு.

மலாக்காவில் இரண்டு போர்த்துகீசிய வம்சாவளியினரை வேலைக்கு வைத்துக்கொண்டார் வாலஸ். ஒருவர் சமையலுக்கு, மற்றவர் பறவை சுட்டுத் தோலுரிக்க. முதலில் காடிங் என்ற ஈயச் சுரங்கப் பகுதியில் சீனக் கிறிஸ்தவர்கள் வீட்டில் தங்கிச் சேகரித்தார். விரைவில் காய்ச்சல் வந்து மலாக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கொய்னா மருந்தைத் தாராளமாக விழுங்கித் தேறியபின், வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆயர் பானாஸ் போய் அரசாங்கப் பங்களாவில் தங்கினார். இயற்கை ஆராய்ச்சியில் விருப்பமுள்ள மலாக்கா இளைஞர் ஒருவர் உடன் வந்தார். அங்கிருந்துதான் லேடாங் பயணம்.

ஆறு மலாய்க்காரர்கள் சுமை தூக்க வந்தார்கள். ஒரு வாரம் தங்கும் எண்ணம். அரிசி, கருவாடு, பிஸ்கட், காப்பி, போர்வை, துப்பாக்கி, பூச்சி வலை, பெட்டிகள் எல்லாம் கட்டினார்கள். ஆயர் பானாஸிலிருந்து மலை ஏறக்குறைய 30 மைல் என்று கணக்கு. முதல் நாள் கம்பங்கள் வழியே சுலபமான நடை. இரவு ஒரு கம்பத்துத் தலைவர் தம் வீட்டு அஞ்சடியில் படுக்க இடம் தந்து கோழியும் முட்டையும் கொடுத்தார். இரண்டாம் நாள் முழங்கால் அளவு சேறு. கூடவே அட்டைகள். காட்டில் முகாம் போட்ட மாணவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாலையில் குளிக்கும்போது ஒவ்வொருவர் உடம்பிலும் ஆறு, பன்னிரண்டு என்று எண்ணி எடுத்தார்கள். வாலஸின் கழுத்திலேயே ஒன்று வயிறு நிறைய இரத்தம் குடித்திருந்தது.

மலை ஏறிய நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். இருண்ட, குளிர்ந்த காட்டுக்குள் ஏறிக்கொண்டே போனவர்கள் திடீரென்று வெயில் கொளுத்தும் பாறைச் சரிவில் வெளிவந்தார்கள். பாடாங் பத்து என்பது அந்த இடத்தின் பெயர். இன்றும் மலையேறிகள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். வாலஸின் காற்றழுத்தக் கருவி 2,800 அடி காட்டியது. சுற்றிலும் இருந்தவை கீழே பார்த்த செடிகளே அல்ல. டிப்டெரிஸ், மெட்டோனியா என்ற அழகிய பெரணிகள் அங்கே கூட்டமாக நின்றன. விசிறிபோல் விரியும் இலைகொண்ட மெட்டோனியா அன்று இந்த மலைக்கே உரியது என்று கருதப்பட்டது. பின்னர் வேறு மலைகளிலும் கண்டுபிடித்தார்கள். அதன் குடும்பத்துப் பெரணிகள் டைனோசர் காலத்தில் ஐரோப்பாவரை பரவியிருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. சமவெளித் தாவர உலகிலிருந்து ஒரே அடியில் ஆல்ப்ஸ் மலைத் தாவர உலகுக்குள் நுழைந்துவிட்டதுபோல் வாலஸுக்குத் தோன்றியது.

கண்டிப்பாகப் பார்த்தால் லேடாங் ஆல்ப்ஸ் போன்ற மலை இல்லை. பனி இல்லை. மரமே வளராத உயரமும் இல்லை. ஆனால் கடலுக்கு அருகே தனித்து நிற்கும் மலைகளில் மேகம் தாழ்வாகவே கவிகிறது. மண் ஏழ்மையானது, பாறை மேலே தெரிவது, காற்று ஓயாதது. ஆகவே பெரிய மலைத்தொடர்களில் மிக உயரத்தில் மட்டும் காணும் குட்டை மரக் காடும் பாசியும் இங்கே குறைந்த உயரத்திலேயே வந்துவிடுகின்றன. புவியியல் படிக்கும் மாணவர்கள் தங்காக் பக்கம் ஒரு முறை போய்ப் பார்த்தால் இரண்டு பாடம் மிச்சம்.

பாடாங் பத்துவில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு ஏமாற்றம். எங்கும் ஊற்று இல்லை. தாகம் தாங்கவில்லை. கடைசியில் பாறையோரம் தொங்கிய பெரியோக் கெராவைத்தான் நாடினார்கள். நாம் குடுவைச் செடி என்று படிப்பது அதைத்தான். ஒவ்வொரு குடுவையிலும் ஒரு கோப்பை அளவு நீர். செத்த பூச்சிகள் மிதந்தன. முகம் சுளித்துக்கொண்டு வாயில் வைத்துப் பார்த்தால், கொஞ்சம் சூடாக இருந்ததே தவிர, சுவையில் குறை இல்லை. எல்லாரும் குடித்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்ய வேண்டாம். இன்று அது பாதுகாக்கப்பட்ட காடு. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோங்கள்.)

அதற்கு மேல் முதுகுபோன்ற மேட்டில் ஏற்றம், பள்ளத்தில் இறக்கம், மறுபடி ஏற்றம். கடைசியில் ஒரு சிகரத்தை அடைந்தபோதுதான் தெரிந்தது, உண்மையான உச்சி அதுவல்ல என்று. நடுவில் பெரிய பள்ளம். அதற்கப்பால் செங்குத்தாக உச்சி. சுமை தூக்கிகள் உட்கார்ந்துவிட்டார்கள். இதற்கு மேல் சுமையோடு நடக்க முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று வாலஸே ஒப்புக்கொள்கிறார்.

அங்கேயே தங்கலாம் என்றால் தண்ணீர் இல்லை. ஊற்று உச்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வாலஸும் நண்பரும் ஆளுக்கொரு போர்வையும் பங்கு பிரித்த உணவும் எடுத்துக்கொண்டு, வழிகாட்டியாக வந்த முதிய மலாய்க்காரரோடும் அவர் மகனோடும் கிளம்பினார்கள். பள்ளத்தில் இறங்கி, கையால் பற்றிப் பற்றி ஏற வேண்டியிருந்தது. மக்கிய இலையும் பாறையும் தரையாக, அதன் மேல் முழங்கால் ஆழத்துக்குப் பாசி. ஒரு மணி நேரக் கடும் ஏற்றத்துக்குப் பிறகு, கூரைபோல் முன்னால் நீண்ட ஒரு பாறையையும் அதனடியில் சொட்டுச் சொட்டாக நீர் தேங்கிய சிறு குழியையும் கண்டார்கள். சுமையை அங்கே போட்டுவிட்டுச் சில நிமிடங்களில் உச்சியில் நின்றார்கள்.

வாலஸ் தம் நூலில் உச்சியின் உயரத்தை 4,000 அடி என்று எழுதினார். இன்றைய அளவு 1,276 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,190 அடி. காட்சியைப் பற்றி அவர் மிகைப்படுத்தவில்லை. முடிவில்லாத காடும் நடுவே மின்னும் ஆறுகளும் அழகுதான், ஆனால் தூரத்திலிருந்து காடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலைக் காட்சிக்கு இது ஈடாகாது என்று நேர்மையாக எழுதிவிட்டார். நம் மலையைக் குறைத்துச் சொன்னதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதுகிறவரை மற்ற இடங்களிலும் நம்பலாம்.

காப்பி கொதிக்கும் நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. கொதிநிலை வெப்பமானியை எடுத்து அளந்தார். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பது நீங்கள் அறிந்த இயற்பியல். லேடாங் உச்சியில் நீர் ஏறத்தாழ 96 பாகை செல்சியஸில் கொதிக்கும். அந்த நான்கு பாகை வித்தியாசத்தைக்கொண்டு மலையின் உயரத்தைக் கணக்கிடலாம். இரவு குச்சிகளைப் பரப்பி மேலே போர்வை விரித்து நிம்மதியாகத் தூங்கினார்கள். களைத்து உட்கார்ந்த சுமை தூக்கிகளும் இளைப்பாறியபின் சமைக்க அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்கள்.

இறங்கிய பிறகு அடிவாரத்தில் ஒரு வாரம் குடிசை போட்டுத் தங்கினார் வாலஸ். குவாங் ராயா என்னும் பெரிய காட்டுப் பறவை ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. ஒன்றையாவது சுட்டுத் தரும்படி முதியவரிடம் கேட்டார். இருபது ஆண்டு இந்தக் காட்டில் வேட்டையாடியும் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை, பிறர் பிடித்து வைத்ததைத் தவிரக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை என்றார் அவர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே நிறைந்திருந்த யானைகள் மறைந்துபோனதாகவும் கேள்விப்பட்டார்கள். காண்டாமிருகத்தின் கால்தடத்தை அவர்களே பார்த்தார்கள். மலையடிவாரம் காய்ச்சலுக்குப் பேர்போன இடம் என்பதால் மலாக்கா நண்பர்கள் பயந்துபோயிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த முதியவரின் பெயரையும் மகன் பெயரையும் வாலஸ் நூலில் எழுதாமல் விட்டது நமக்கு இழப்பு.

லேடாங் உச்சியில்தான் பரிணாமக் கொள்கை பிறந்தது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் எந்த உயிர் எந்த இடத்தில் வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்ற கேள்வியைத்தான் அவர் கடைசிவரை கேட்டார். கீழைநாட்டு மலையொன்றில் அதைக் கேட்கக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. சில மாதங்களில், 1855 பிப்ரவரியில், சரவாக்கின் சந்துபோங் மலையடிவாரத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய இன்னோர் இனம் முன்பே இருந்த இடத்தை ஒட்டியும் காலத்தை ஒட்டியும்தான் தோன்றுகிறது என்பது அதன் சாரம். 1856இல் பாலியிலிருந்து லொம்போக் தீவுக்குப் போனபோது, குறுகிய நீரிணை ஒன்றைக் கடந்ததும் பறவைகள் மாறிவிட்டதைக் கண்டார். ஆசிய உயிர்களையும் ஆஸ்திரேலிய உயிர்களையும் பிரிக்கும் அந்த எல்லைக்கு இன்று வாலஸ் கோடு என்று பெயர்.

1858இல் மலுக்கு தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது, மாற்றம் எப்படி நடக்கிறது என்ற விடை கிடைத்தது. சூழலுக்குப் பொருந்துவது பிழைக்கிறது, பொருந்தாதது அழிகிறது. அதை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். இருபது ஆண்டுகளாக அதே எண்ணத்தை வெளியிடாமல் வைத்திருந்த டார்வினுக்கு ஜூன் மாதம் அந்தக் கடிதம் கிடைத்தது. டார்வினின் நண்பர்கள் லயலும் ஹூக்கரும் கூடிப் பேசி, ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்தே வாசிக்கச் செய்தார்கள். டார்வினின் எழுத்து முதலில், வாலஸின் கட்டுரை பின்னால். வாலஸின் அனுமதியை யாரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை, கடிதம் போய்வர மாதக்கணக்காகும். செய்தி தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை, பெருமைப்பட்டார். அது நியாயமா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனால் பாதிக்கப்பட்டவரே குறைசொல்லாதபோது நாம் என்ன சொல்வது?

எட்டு ஆண்டுகளில் 14,000 மைல் சுற்றி, 1,25,660 மாதிரிகள் சேர்த்தார். சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞரின் துப்பாக்கியும் கூரிய கண்ணும் அதில் பெரும் பங்கு வகித்தன. நல்ல வேளையாக அலியின் பெயர் பதிவாகியிருக்கிறது. 1861இல் ஜாவாவின் பங்ராங்கோ மலை, ஏறக்குறைய 3,000 மீட்டர். லேடாங்கில் ஒரே அடியில் கண்ட மாற்றத்தை அங்கே படிப்படியாகப் பார்த்தார். ஐரோப்பியப் புல்வெளிகளில் காணும் செடிகளின் உறவினங்கள் உச்சியில் பூத்திருந்தன. வெப்ப நாட்டுச் சமவெளியைத் தாண்டி அவை எப்படி வந்தன? பனியூழிக் காலத்தில் கீழ்நிலங்களும் குளிர்ந்திருந்தபோது பரவி, பின்பு வெப்பம் திரும்பியதும் மலையுச்சிகளில் ஒதுங்கிக்கொண்டன என்ற விளக்கத்தை 1869இல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் எடுத்துவைத்தார். அந்த நூலை டார்வினுக்குத்தான் சமர்ப்பித்தார். மலாக்காவுக்கும் லேடாங்குக்கும் அதில் தனி அத்தியாயம் இருக்கிறது.

1862இல் இங்கிலாந்து திரும்பியபின் புகழ் வந்தது, பணம் நிற்கவில்லை. தந்தையைப்போலவே முதலீட்டில் ஏமாந்தார். நிரந்தர வேலை கிடைக்கவேயில்லை. 1881இல் டார்வின் முயன்று அரசாங்கத்திடமிருந்து ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார். ஆவிகளோடு பேசும் கூட்டங்களை நம்பியதும், அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதியதும் வாலஸின் தவறுகள். பெரிய அறிவு ஒரு துறையில் இருந்தால் மற்றத் துறையிலும் இருந்துவிடும் என்பதில்லை.

மலையை மட்டும் அவர் விடவில்லை. 1887இல் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் போனவர், கொலராடோவில் 4,300 மீட்டருக்கும் மேற்பட்ட கிரேஸ் சிகரத்துக்குப் போனார். வயது 64. ஆலிஸ் ஈஸ்ட்வுட் என்ற இளம் பள்ளி ஆசிரியை வழிகாட்டினார். பின்னாளில் அவரும் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஆனார். இந்த முறை வாலஸ் பார்க்கப் போனது உண்மையான ஆல்ப்ஸ் வகைப் பூக்களை.

1908இல் பிரிட்டனின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட் கிடைத்தது. 1913 நவம்பர் 7ஆம் நாள், 90ஆம் வயதில், பிராட்ஸ்டோன் என்ற ஊரில் தம் வீட்டில் இறந்தார். அந்த ஊர்க் கல்லறையில் அவருக்கு வைத்த நினைவுக்கல் வழக்கமான சிலுவையோ சிலையோ அல்ல. போர்ட்லாந்து கற்சுரங்கத்தில் கிடைத்த, கல்லாக மாறிய ஓர் ஊசியிலை மரத்தின் அடித்தண்டு. ஏழு அடி உயரம். பாடாங் பத்துவில் அவர் கண்டு நின்ற மெட்டோனியாவின் உறவினங்கள் ஐரோப்பாவில் செழித்திருந்த ஜுராசிக் காலத்து மரம் அது.